நாங்கள் அழுது முடித்த ஆள்

வெள்ளைக்காரன் கப்பல் ஏறிப் போனதும் எங்கள் ரிக்‌ஷா ஸ்டாண்டில் எல்லோருக்கும் ஒரே கவலை. இனிமேல் வெளிநாட்டுச் சவாரிக்கு எங்கே போவது? நானும் கவலைப்பட்டேன். கவலைப்படுவதற்குப் படிப்பு தேவையில்லை என்பதால் அந்த ஒரு வேலையை நான் நன்றாகவே செய்வேன். சில வருஷம் கழித்து எனக்கும் ஒரு வெளிநாட்டுக்காரர் கிடைத்தார். மாதம் தவறாமல் போலீஸ் ஆபீசுக்குப் போய், நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டியவர். அவரை வண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு போவது என் வேலை. அந்த வெளிநாட்டுக்காரர் பிறந்தது ராயபுரத்தில், என் குடிசையிலிருந்து மூன்றாவது வீட்டில்.

அவரைத் தெருவில் பண்டாரி என்போம். கப்பலில் வேலை பார்க்கிற கலாசிகளுக்குச் சமைத்துப் போடுகிறவருக்குத் துறைமுகத்தில் அதுதான் பெயர். தமிழ் முஸ்லிம். என்னைவிட நல்ல தமிழ் பேசுவார். அது ஒன்றும் பெரிய பெருமை இல்லை, என் வண்டி மணிகூட என்னைவிட நல்ல தமிழ் பேசும்.

வெள்ளைக்காரன் போவதற்கு முன்னால், உலகச் சண்டை நடந்த காலத்தில் அவர் போன கப்பல் மூழ்கிவிட்டது. ஒருத்தரும் பிழைக்கவில்லை என்று ஒரு கலாசி வந்து சொன்னான். மையத்து என்றால் சவம்; உடம்பு கிடைக்காத ஆளுக்கும் மையத்துத் தொழுகை உண்டாம். பள்ளிவாசலில் வரிசையாக நின்று தொழுதார்கள். எதிர்வீட்டு மீன்காரக்கா, மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து, தெருவில் புரண்டு அழுதாள். அவள் காசிமேட்டில் கூவி விற்கிறவள், அழுதால் துறைமுகம் வரைக்கும் கேட்கும். நாற்பதாம் நாள் சொந்தக்காரர்கள் பாத்திஹா ஓதி நெய்ச்சோறு போட்டார்கள். நான் துக்கத்தோடு ரெண்டு தட்டு சாப்பிட்டேன்.

அழாத ஒரே ஆள் பண்டாரியின் சம்சாரம். காலையில் இடியாப்பமும் பாயாவும் விற்கிற பெண். தாலி மாதிரி கழுத்தில் கிடந்த கருகமணியைக் கழற்றச் சொன்ன கிழவிகளிடம் அவள் ஒரே பதில்தான் சொன்னாள்.

"மையத்து வரட்டும், அயுவுறேன். ஆளே வராம யாருக்கோசரம் அயுவுறது?"

துக்கத்தில் மூளை பிசகிவிட்டது என்று நாங்கள் பேசிக்கொண்டோம். பிசகியது யாருக்கு என்று பிறகு தெரிந்தது. ரெண்டு மழைக்காலம் போன பிறகு வேறொரு கலாசி சேதி கொண்டுவந்தான். பண்டாரி உயிரோடுதான் இருக்கிறார். வேறொரு கப்பல் அவரைத் தூக்கிக் கராச்சியில் இறக்கிவிட்டதாம். ஒரு கால் ஒடிந்து, அது கோணலாக ஒட்டிவிட்டதாம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமைக்கிறாராம். வருகிற நோன்புப் பெருநாளைக்கு வந்துவிடுவாராம்.

பெருநாள் வந்தது, அவர் வரவில்லை. கோணல் காலும் வெறுங்கையுமாகப் பெண்டாட்டி முன்னால் வந்து நிற்க வெட்கம். அடுத்த பெருநாள், அதற்கடுத்த பெருநாள் என்று தள்ளிக்கொண்டே போனார். அதற்குள் தேசம் ரெண்டாகிவிட்டது. மனுஷன் அடுப்படியை விட்டு ஓரடி நகரவில்லை. கோடுதான் நடந்து வந்து அவர் வாசலில் படுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகுதான் அவருக்கு அவசரம் வந்தது. ஆனால் சர்க்காருக்கு அதைவிட அவசரம். அங்கேயிருந்து முஸ்லிம்கள் இங்கே வந்து தங்க வேண்டுமானால் அனுமதிச் சீட்டு வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அவர் கேட்டார், கொடுக்கவில்லை. பிறகு பாஸ்போர்ட் வந்தது. அந்த ஊர் சர்க்கார்தான் அவருக்குக் கொடுக்கும், இந்த ஊர் கொடுக்காது. பெண்டாட்டியைப் பார்க்க வேறு வழியில்லாமல் அதை வாங்கிக்கொண்டு, கொஞ்ச காலம் தங்கலாம் என்ற முத்திரையோடு கப்பலில் பம்பாய் வந்து, ரயில் ஏறிப் பட்டணம் வந்து சேர்ந்தார்.

ஸ்டாண்டில் நான்தான் முதலில் பார்த்தேன். பேயென்று நினைத்து வண்டிக்கடியில் புகுந்துகொண்டேன். குனிந்து பார்த்துக் கேட்டார்.

"இன்னாடா, என் பேரச் சொல்லி எத்தினி தட்டு துன்னே?"

"ரெண்டு பாய்."

"எப்டி இருந்துச்சு?"

பேய் இப்படியெல்லாம் கேட்காது என்று தைரியம் வந்து வெளியே வந்தேன். "பொய் சொல்லக் கூடாது பாய். கறி வேகல. உப்பு ரவ கம்மி."

தலையில் அடித்துக்கொண்டார். "நான் செத்த சோத்துக்கே உப்பு இல்லியா? தூ! இதுக்கா கடல்ல முழுவுனேன்!"

பாயாக் கடை முன்னால் அவரை இறக்கினேன். அவர் சம்சாரம் நிமிர்ந்து பார்த்தாள். இடியாப்பத் தட்டைத் திருப்பிக் கவிழ்த்து, பாயா ஊற்றி, அவர் முன்னால் வைத்தாள். அவர் ஒரு வாய் தின்றுவிட்டு, "மொளகு ஜாஸ்தி" என்றார். அப்போதுதான் அவள் அழுதாள். எல்லோரும் அழுது முடித்து எத்தனையோ காலம் கழித்து, உயிரோடு வந்தவனுக்காக அழுத பெண்ணை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவர் பாஸ்போர்ட்டை மீன்காரக்கா ஒரு நாள் கேட்டு வாங்கிப் புரட்டினாள். அவளுக்கும் எழுத்து தெரியாது, எனக்கும் தெரியாது. படிக்கத் தெரிந்த ஒருவரைப் பிடித்துப் படிக்கச் சொன்னோம். பிறந்த ஊர் என்ற இடத்தில் மதராஸ், ராயபுரம் என்று போட்டிருந்தது. எங்கள் தெருவில் ஒருத்தனும் ராயபுரத்தில் பிறந்ததற்கு எழுத்தில் அத்தாட்சி வைத்திருக்கவில்லை. முத்திரை குத்திய அத்தாட்சி இருந்தது வெளிநாட்டுக்காரர் ஒருவரிடம்தான்.

ராத்திரி ஒரே பாயில் ரெண்டு தேசம் படுத்துத் தூங்குகிறது என்று நான் கேலி பண்ணுவேன். அவர் சம்சாரம் கரண்டியைத் தூக்குவாள். "டேய் கஸ்மாலம், எல்லைய நீ வந்து காவல் காக்கிறியா?" என்பாள். சிரிப்போம். ஆனால் முத்திரையில் போட்ட காலம் முடிய முடிய அவள் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. பாயாவில் ஒரு நாள் உப்பு விழும், ஒரு நாள் விழாது.

அந்தச் சமயத்தில் என் வண்டியில் தினம் ஏறுகிற ஒரு சிந்திக்காரர் இருந்தார். வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை. அவரும் கராச்சிக்காரர்தான். இந்து என்பதால் அங்கேயிருந்து எல்லாவற்றையும் விட்டு ஓடிவந்தவர். ஒரு நாள் பாயாக் கடை ஓரமாக வண்டியை நிறுத்தினேன். அடுப்படியிலிருந்து பண்டாரி யாரையோ அந்த ஊர் பாஷையில் திட்டிக்கொண்டிருந்தார். சிந்திக்காரர் வண்டியிலிருந்து குதித்தார். அப்புறம் ரெண்டு பேரும் பேசினார்கள், பேசினார்கள், அப்படிப் பேசினார்கள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஏதோ தெரு, ஏதோ கடை, ஏதோ ஒரு மரம் என்று மட்டும் கை ஜாடையில் தெரிந்தது. சிந்திக்காரர் விட்டுவிட்டு வந்த ஊரில் பண்டாரி மாட்டிக்கொண்டிருந்தார். அவர் மாட்டிக்கொண்ட ஊரை நினைத்து இவர் அழுதார்.

வண்டியில் ஏறின பிறகு சிந்திக்காரர் தன் உடைந்த தமிழில் சொன்னார்: "நான் ஓடி வந்தான். இந்த சர்க்கார் எனக்குக் கதவு திறந்தான். நல்லது. அவன் சொந்த வீட்டுக்கு வந்தான். அவனுக்குக் கதவு மூடறான். இது என்ன நியாயம்?"

நான் இழுத்துக்கொண்டே யோசித்தேன். வண்டி இழுக்கிறவன் யோசித்தால் சக்கரம் பள்ளத்தில் இறங்கும், அப்படியே இறங்கியது. ராயபுரத்தில் யார்தான் வந்து சேராதவன்? என் அப்பன் பஞ்சத்தில் நெல்லூர்ப் பக்கமிருந்து வந்தவன். பர்மாவிலிருந்து காட்டு வழியே நடந்து வந்தவர்களுக்கு எங்கள் குடிசை வரிசையிலேயே இடம் ஒதுக்கினோம். நீ எந்தச் சாமி என்று அப்போது எவனும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கிடைத்த பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றும் எங்களுக்குத் தெரிந்திருக்காது. எங்கள் பேட்டையில் முதலில் வந்தவன் யாரென்று பார்த்தால், கடல் ஒன்றுதான். அது யாரிடமும் சீட்டுக் கேட்டதில்லை.

பண்டாரி மனுப் போட்டார். நான் இங்கேயே பிறந்தவன், இங்கேயே இருக்க விடுங்கள் என்று. விசாரிக்க ஓர் அதிகாரி தெருவுக்கே வருவதாகச் சேதி வந்தது. பண்டாரியின் சம்சாரம் முந்தின நாளே தெருவைக் கூட்டி உத்தரவு போட்டாள். கேட்டதற்கு மட்டும் பதில். என் பக்கம் திரும்பி, "நீ அதுகூட வாணாம்" என்றாள்.

அதிகாரி நல்ல மனுஷர் மாதிரிதான் இருந்தார். நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவராகக் கேட்டார். இவரைத் தெரியுமா? தெரியும். இங்கே பிறந்தவரா? ஆமாம். எல்லாம் ஒழுங்காகப் போனது. மீன்காரக்கா முறை வந்தது.

"இவரை உங்களுக்கு நல்லாத் தெரியுமா அம்மா?"

"இன்னா சாரு இப்டி கேட்டுட்ட? எங்களுக்குத் தெரியாம? இவனுக்கோசரம் மெய்குவத்தி ஏத்தி மூணு நாளு அயுதவ நானு! தொண்டை கட்டிக்கினு அந்த வாரம் யாவாரமே பூடிச்சி!"

"எதுக்கு அழுதீங்க?"

"செத்துட்டான்ல?"

"யாரு?"

"இவன்தான்!"

அதிகாரியின் பேனா நின்றது. நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அக்கா தனியாக மாட்டிக்கொண்டாளே என்று, "ஆமா சார், நாப்பதாம் நாளு சோறு நான்கூட துன்னேன்" என்று சாட்சி சொன்னேன். பின்னாலிருந்து பாதித் தெரு, "நானும் துன்னேன் சார், நானும்" என்றது. ஒரு மனுஷன் எங்களுக்கு எவ்வளவு வேண்டியவன் என்று காட்ட எங்களிடம் அதைவிடப் பெரிய சாட்சி வேறு இல்லை. அவனுக்காக அழுதிருக்கிறோம், அவன் சோற்றைத் தின்றிருக்கிறோம்.

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ இங்கே பிறந்தவர் செத்துப்போயிட்டார். தொழுகை, பாத்திஹா எல்லாம் ஆயிடுச்சு. சரி, இவர் யாரு?"

பண்டாரி எங்களைப் பார்த்த பார்வையில், திரும்பவும் கடலில் குதித்துவிடலாமா என்பது தெரிந்தது. அவர் சம்சாரம் முன்னால் வந்தாள். கருகமணியை விரலில் தூக்கிக் காட்டினாள்.

"அயுதது அவங்க சார். நான் அயுவல, இத்தக் கயட்டவும் இல்ல. இவரு சாவல."

"சாகலைன்னா, உயிரோட இருந்தும் இத்தனை வருஷம் அந்த தேசத்திலேயே இருந்திருக்காரு. அந்த தேசத்துப் பாஸ்போர்ட் வாங்கியிருக்காரு. அப்போ அந்நியர்தானே?"

அவள் விடவில்லை. "என்னிய பாக்க வர்றதுக்கு வாங்கினாரு. வேற எந்தக் கதவு தொறந்து இருந்துச்சு, நீயே சொல்லு சார்?"

அதிகாரியிடம் இருந்தது சட்டம்தான். செத்திருந்தால் இவர் ஆள்மாறாட்டக்காரர். சாகாவிட்டால் அந்நியர். பண்டாரி ராயபுரத்தில் குந்தியிருக்க ஒரே வழிதான் பாக்கி, பிறக்காமலேயே இருந்திருக்க வேண்டும்.

வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தது. சிந்திக்காரர் தனக்குத் தெரிந்த ஒரு வக்கீலைப் பிடித்தார். வக்கீல் கோர்ட்டில் மனுப் போட்டுவிட்டு, எங்களிடம் தெளிவாகச் சொன்னார்: மனு நாளைக்குத்தான் எடுப்பார்கள். ஆனால் போலீஸ் இன்றைக்கே வந்து ரயில் ஏற்றப் பார்க்கும். ரயில் ஏறிவிட்டால் எந்த ஜட்ஜாலும் ஒன்றும் செய்ய முடியாது. இன்றைக்கு ஒரு நாள் அவர் ராயபுரத்தில் இருந்தாக வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் ஏட்டு வந்தார். தினம் காலையில் பாயா சாப்பிடுகிற ஏட்டுதான். பண்டாரியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உத்தரவைச் சொன்னார். பண்டாரி சட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். ஏட்டு என்னைக் கூப்பிட்டார்.

"டேய், வண்டிய எடு. சென்ட்ரலுக்கு."

"பஞ்சர் ஏட்டய்யா."

அவர் குனிந்து என் சக்கரத்தைப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். "கெட்டி ரப்பர்டா இது. இதுல காத்து ஏதுடா?"

"அத்தத்தான் சொல்றேன் ஏட்டய்யா. காத்தே இல்ல. அல்லாம் பூடிச்சி."

பக்கத்து வண்டிக்காரனைப் பார்த்தார். அவனும் பஞ்சர் என்றான். அதற்கடுத்தவனும் பஞ்சர். ஸ்டாண்டு முழுக்கக் கெட்டி ரப்பரில் பஞ்சர். கடைசியில் ஜட்கா வண்டிக்காரனைப் பார்த்தார். அவன் கொஞ்சம் மந்தம், யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. "குதுரைக்குப் பஞ்சர்" என்றான்.

ஏட்டு சிரிக்கவில்லை. மீசை மட்டும் லேசாக ஆடியது. "நடந்தே பஸ்ஸுக்குப் போலாம்" என்றார்.

நடந்தார்கள். பண்டாரியின் கோணல் கால் மற்ற நாளில் என் வண்டியோடு போட்டி போடும். அன்றைக்கு அது சர்க்கார் வேகத்தில் நடந்தது. அதோடு எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. தூர தேசம் போகிறவன் வாசல்தோறும் சொல்லிக்கொள்ளாமல் போகக் கூடாது. சொல்லிக்கொள்ள வந்தவனை வெறும் வாயோடு அனுப்பக் கூடாது. பண்டாரி முதல் வாசலில் நின்றார். "போய்ட்டு வரேன்" என்றார். உள்ளேயிருந்து டீ வந்தது. ஏட்டுக்கும் ஒன்று. அடுத்த வாசலில் மோர். அதற்கடுத்ததில் முறுக்கு. மீன்காரக்கா வீட்டில் வறுத்த வஞ்சிரம். ஏட்டு முதல் ரெண்டு வாசலில் கடிகாரத்தைப் பார்த்தார். வஞ்சிரத்துக்குப் பிறகு பார்க்கவில்லை.

தெருமுனைக்கு வரும்போதே ரயில் போயிருக்கும். ஏட்டு வாயைத் துடைத்துக்கொண்டு பண்டாரியிடம் சொன்னார்: "பாய், வண்டி கெடைக்கலன்னு எழுதிப்புடறேன். நாளைக்கு வேன் கொண்டாருவாங்க, அதுக்கு மேல என் கையில இல்ல." பிறகு என்னைப் பார்த்தார். "குதுரைக்குப் பஞ்சராடா?"

"ரொம்ப ஓடுச்சி ஏட்டய்யா."

மறுநாள் வேனும் வந்தது, வக்கீலும் வந்தார். வக்கீல் கொஞ்சம் முன்னால் வந்துவிட்டார். வழக்கு முடிகிற வரைக்கும் பண்டாரியை எங்கேயும் அனுப்பக் கூடாது என்று ஜட்ஜு சொல்லிவிட்டாராம். பண்டாரியின் சம்சாரம் அடுப்பின் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கழுத்து மணியைப் பிடித்த கையை வெகு நேரம் எடுக்கவில்லை.

நாங்கள் சத்தம் போட்டுக் கும்மாளம் அடித்தோம். பண்டாரி அடிக்கவில்லை. மளிகைக் கடைக்குப் போனார். கறிக்கடைக்குப் போனார். பரணிலிருந்து பெரிய தேக்சா அண்டாவை இறக்கிக் கழுவினார்.

"இன்னா பாய், விருந்தா?" என்றேன்.

"விருந்தும் இல்ல மருந்தும் இல்ல. என் பேரச் சொல்லி வேகாத கறி போட்டுக்கீறானுங்க. அந்தக் கெட்ட பேரோட நான் இந்த ஊர்ல இருக்க முடியாது. ஒக்காரு, சரியாப் போடறேன்."

அன்று மத்தியானம் தெரு முழுக்க இலை விரிந்தது. செத்தவரே நின்று பரிமாறினார். மீன்காரக்கா, சிந்திக்காரர், ஜட்காக்காரன், எல்லோரும் உட்கார்ந்தோம். சிந்திக்காரர் கறி தொடமாட்டார், அவருக்குத் தனியாகப் பருப்பு. சீருடை இல்லாமல் ஏட்டு வந்து ஓரமாக உட்கார்ந்தார். பண்டாரி ஒவ்வொரு இலை முன்னாலும் குனிந்து, "வெந்துகீதா? உப்பு?" என்று கேட்டுக்கொண்டே போனார். அவர் சம்சாரம் ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு, "மொளகு ஜாஸ்தி" என்றாள். தெரு சிரித்த சிரிப்பில் காக்காய் எல்லாம் பறந்தது. அவரும் சிரித்தார், ஆனால் அவள் இலையில் ஒரு கரண்டி தயிர் அதிகமாக வைத்தார்.

வழக்கு இழுத்துக்கொண்டே போனது. மாதம் தவறாமல் நானும் அவரை இழுத்துக்கொண்டு போனேன். முடிகிற வரைக்கும் இருக்கலாம் என்றார்கள், அதனால் முடியாமல் இருக்க வேண்டும் என்று மூன்று சாமியிடமும் வேண்டிக்கொண்டோம். எனக்குச் சட்டம் தெரியாது. சட்டம் எழுதியவர்கள் என்னைவிடப் படித்தவர்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒருத்தன் எந்த ஊர்க்காரன் என்று கண்டுபிடிக்க அவர்கள் எங்களைக் கேட்டிருக்கலாம். அவன் செத்துவிட்டான் என்று கேள்விப்பட்டால் எந்தத் தெரு சோறு இறங்காமல் உட்காருகிறதோ, அவன் அந்தத் தெருக்காரன்.

அதிகாரி திரும்பக் கேட்டால், நான் ரெண்டு தட்டு சாப்பிட்டவன்தான். ஆனால் உப்பில்லாத சோற்றை ரெண்டு தட்டு சாப்பிட்டது துக்கத்தில் என்பதை அவர் எழுதிக்கொள்ளட்டும்.